அக்கா வீட்டுப் புளியமரம்

காலை ஏழு மணிக்கு மரம் வெட்ட வந்தவன், பத்து மணியாகியும் தரையை விட்டு ஒரு அடிகூட ஏறவில்லை. மரத்தில் பிடித்த பிடியை விடாதவன் என்பதால் எல்லோரும் அவனை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உடும்பு இரண்டு வீடுகளுக்கு நடுவே நடந்தே கால் கடுத்துப் போயிருந்தான்.

வாத்தியார் வீட்டுக் கொல்லையில் இருந்த தூங்குமூஞ்சி மரம், போன வார மழையில் வேர் பெயர்ந்து, பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு மேலாகச் சாய்ந்திருந்தது.

"அப்படியே ஏறி வெட்ட வேண்டியதுதானே?" என்றார் வாத்தியார், மூன்றாவது தடவையாக.

"சார், இது நிக்கிற மரம் இல்ல, விழுந்துக்கிட்டு இருக்கிற மரம். என் கயித்த இதுல கட்டினா, இது போறப்ப நானும் கூடவே போவேன். பக்கத்து வீட்டுப் புளியமரத்துலதான் கட்டணும். வெட்டுற கிளையையும் அதுல கப்பி மாட்டித்தான் இறக்கணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"நான் கேக்க மாட்டேன். நீயே கேளு."

பக்கத்து வீட்டில் இருந்தது வாத்தியாரின் சொந்த அக்கா. இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பதில் சொன்னாள். "மரம் அவனோடது. அவனை வந்து கேக்கச் சொல்லு."

"அம்மா, விழப்போறது உங்க தலையில."

"விழட்டும். கேஸ் போடுறேன்."

"போடச் சொல்லு," என்றார் தம்பி, வேலிக்கு இந்தப் பக்கம்.

உடும்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களுக்குத் தூது போகவா கயிறு சுமந்து வந்தோம்?" என்று மனைவியிடம் பொரிந்தான். கீழே நின்று கயிறு பிடிப்பது அவள்தான். கயிற்றை முழம் முழமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"இந்தக் கோவத்தோட மேல போனா நான் கயித்தத் தொட மாட்டேங்க."

அவன் வேர்ப் பக்கம் போனான். காலையில் மண் விரிசலில் ஒரு விரல்தான் நுழைந்தது. இப்போது மணிக்கட்டு வரை போயிற்று. எழுந்து நேராக அக்கா வீட்டுக்குள் நுழைந்து, கேட்காமலே அடுப்பை அணைத்தான். மண் அப்பிய கையை அவள் முன்னால் நீட்டினான்.

"காலையில விரல் போச்சு. இப்ப இவ்வளவு போகுது. வெளிய வாங்க."

அவள் அந்தக் கையையே பார்த்தாள். "கட்டிக்கோ. ஆனா அவன் என் வாசல மிதிக்கக் கூடாது."

பிறகுதான் வேலை தொடங்கியது. புளியமரத்தின் உச்சிக் கவட்டில் கயிற்றைக் கட்டி, அதில் தொங்கியபடியே சாய்ந்த மரத்துக்குப் போனான். பாரத்தைக் கயிற்றிலேயே வைத்து, கால் மட்டும் பட்டும் படாமல் ஊன்றினான். நுனியிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக அறுத்தான். ஒவ்வொன்றும் மனைவி விட்ட கயிற்றில் கூரையைத் தொடாமல் இறங்கியது.

"பெருசு பெருசா வெட்டுப்பா, பொழுது போகுது," என்று வாத்தியார் கீழிருந்து நச்சரித்தார். உடும்பு பல்லைக் கடித்தான்.

மூன்று மணிக்கு மரத்தின் தலைப்பாரம் ஏறக்குறையத் தீர்ந்தது. "பாரம் போனதும் வேர் திரும்பக் குழியில உக்காரும், அடிமரம் தானா நிமிரும். வேர்கிட்ட யாரும் நிக்காதீங்க," என்று எச்சரித்துவிட்டுக் கடைசித் துண்டில் ரம்பத்தை வைத்தான். அது அறுந்ததும் அடிமரம் சடாரென்று நிமிர்ந்தது. காலடி நழுவி, கயிற்றோடு புளியமரத்தில் போய் மோதினான். தோள் தீப்பிடித்தது போல் எரிந்தது.

கீழே, வேடிக்கை பார்க்க வேர்ப் பக்கம் போயிருந்த வாத்தியார் சேற்றில் மல்லாந்து கிடந்தார்.

"அங்க என்னடா பண்ற எருமை, அவர்தான் சொன்னாருல்ல," என்று அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு."

"என் பக்கம் கிடக்கிற கட்டையெல்லாம் எனக்குத்தான்."

"மரம் என்னோடது."

உடும்பு இறங்கி வந்தபோது இருவரும் நியாயம் கேட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். யார் காதிலும் விழவில்லை. மனைவி தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.