கம்ஷாத்தின் இடது தாடை

கம்ஷாத் கோபக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா, ஏனென்றால் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் ஊர் சிம்கென்டின் ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியதும் அவள் கன்னங்கள் இரண்டும் தாடைக்குக் கீழே இறங்கி, வாயோரங்களையும் கூடவே இழுத்துக்கொண்டன. மனசுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் முகம் யாரையோ திட்டுகிற மாதிரியே இருக்கும். "என்னம்மா, காலைலயே வீட்ல சண்டையா?" என்று பயணிகள் கேட்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று வாயோரத்தை விரலால் தூக்கிப் பார்ப்பாள்.

அவள் கணவன் ஓராஸ், என் கணவரின் தம்பி. அதனால் என்னை அக்கா என்பாள். அவள் மகள் ஐஸாதாவுக்குச் சம்பந்தம் கூடி வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"நிச்சயம் இலையுதிர் காலத்துல தானே அக்கா. அதுக்குள்ள அல்மாட்டிக்குப் போயி முகத்தைத் தூக்கித் தைச்சுக்கிறேன். பொண்ணு போற வீட்டுக்காரங்க முன்னாடி சிடுமூஞ்சியா நிக்க மாட்டேன்."

ஊருக்குப் பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனாள். துணைக்கு நான். கட்டு அவிழ்த்த அன்று வீங்கிப் போயிருந்த அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வேறு பேச்சு பேசினேன்.

"இப்ப இதுக்கு நான் என்ன பார்வைச் சீர் வைக்கிறது? உன் புது ஃப்ரிட்ஜைப் பாக்க வந்தப்பவே ஒரு துண்டு வச்சவ நான்."

எங்கள் வழக்கம் அப்படி. மருமகளோ, குழந்தையோ, கன்றுக்குட்டியோ, புதிதாக எதையும் வெறுங்கையோடு பார்ப்பதில்லை.

"சிரிக்க வைக்காதீங்க அக்கா, இழுக்குது," என்றாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் வடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. இடது தாடையோரம் தோலுக்கடியில் சுருக்குக் கயிறு ஓடுகிற மாதிரி ஒரு தடிப்பு. காதுமடலுக்குக் கீழே, ரவிக்கையில் கை கோணலாகத் தைத்தால் விழுமே, அந்த மாதிரி ஒரு சுருக்கம். கழுத்தில் மஞ்சள் கறை. கன்னம் மரத்துப் போய், சிரிக்கப் போனால் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

டாக்டரிடம் போனில் கேட்டாள். அவர் அவசரப்படாத மனிதர்.

"உள்ள இன்னும் ஆறிட்டிருக்கும்மா. ரத்தம் கொஞ்சம் கட்டியிருக்கு, தையல் இருக்கு. இதெல்லாம் வர்றதுதான். தானா இளகும், மாசக்கணக்குல ஆகும். நான் சொல்ற வரைக்கும் அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க, சூடு வைக்காதீங்க."

"ஆட்டு வால்கொழுப்பைக் காய்ச்சித் தேய்ச்சா ஒரே வாரத்துல கரையும்," என்று ஒரு கிண்ணத்தோடு போய் நின்றேன் நான். எங்கள் ஆடுகளுக்கு வாலில் கட்டியாகக் கொழுப்பு திரளும்; எங்கள் வீட்டில் இருமலில் இருந்து இடுப்புவலி வரை அதுதான் மருந்து.

கம்ஷாத் கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பூனைக்கு வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி வீட்டிலிருந்து தகவல் வந்தது. மாப்பிள்ளைக்குத் தூர ஊரான அக்தாவுக்கு மாற்றல். அதற்கு முன்பே, இந்த வாரக் கடைசியில் நிச்சயத்தை முடித்துவிடலாமா என்றார்கள். ஓராஸ் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டான்.

போனை வைத்ததும் கம்ஷாத்தின் கை இடது தாடைக்குப் போனது. அவள் நினைத்ததையே நானும் நினைத்தேன். எங்கள் நிச்சயத்தில் வால்கொழுப்பும் ஈரலும் ஊட்டுவார்கள். முதலில் நாம் அவர்களுக்கு, பிறகு அவர்கள் நமக்கு, கையாலேயே. ஊட்டி முடித்த அதே கையால் சம்பந்தியின் முகமெல்லாம் பூசிவிட்டால்தான் உறவு உறுதியானதாகக் கணக்கு. முகத்தைத் திருப்பினால்? என் நினைவில் அப்படி யாரும் திருப்பியதில்லை.

"அக்கா, மாப்பிள்ளையோட அம்மா கையைப் பாத்திருக்கீங்களா? தினம் ஆட்டைப் புடிக்கிற கை. ஒரு தேய் தேய்ச்சா என் தையலெல்லாம் என்ன ஆகும்? விலகினா, பொண்ணைக் குடுக்கிறவ திமிரு புடிச்சவன்னு நினைப்பாங்க. அதை அனுபவிக்கப் போறது ஐஸாதா தானே."

"பல்வலின்னு நான் சொல்லிக்கிறேன், விடு," என்றேன்.

அவர்கள் கென்தாவிலிருந்து இரண்டு வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜுமாகுல் உள்ளே வந்ததும் வீடு சின்னதாகிவிட்டது. உயரமான பொம்பளை, குரலும் அப்படி. கம்ஷாத் சால்வையைத் தாடைவரை ஏற்றிச் சுற்றியிருந்தாள். இறைச்சி வந்தது, தேநீர் சுற்றிச் சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் மாமா மீசையில் நான் ஒரு கை தயிரோடு கொழுப்பையும் அப்பினேன். மனிதர் தும்மிய தும்மலில் ஒரே சிரிப்பு.

"இப்ப எங்க முறை!" என்று ஜுமாகுல் எழுந்தாள். இரண்டு கையிலும் கொழுப்பு. "சம்பந்தி, வாயைத் திற! இவ்வளவுதானா? குருவி கூட இதைவிடப் பெரிசாத் திறக்கும்!"

ஊட்டினாள். கம்ஷாத் விழுங்கினாள். அந்தக் கைகள் கன்னத்துக்கு வந்தன. கம்ஷாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. ஜுமாகுலின் கைகள் அந்தரத்தில் நின்றன. கொழுப்பு மேஜை விரிப்பில் சொட்டியது.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டுக் கை புடிக்கலையா?"

கேட்டது விளையாட்டாகத்தான், ஆனால் கண்ணில் விளையாட்டு இல்லை. கம்ஷாத் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். வாய் அசையவில்லை. அந்த மரத்த முகம் பழைய முகத்தைவிடக் கடுமையாக இருந்தது. கதவோரம் ஐஸாதா தேநீர்க் கெண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவளுக்குப் பல்லு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வேணாம் அக்கா." கம்ஷாத் சால்வையை அவிழ்த்து மடியில் போட்டாள். "சம்பந்தி, உங்க கை எனக்குப் புடிக்காம இல்ல. பல்வலியும் இல்ல. முகத்தை அறுத்துத் தைச்சிருக்கேன். பாக்கறவங்க எல்லாம் என்னைக் கோபக்காரின்னாங்க. உங்க முன்னாடி நல்லா சிரிச்ச முகமா நிக்கணும்னு ஆசைப்பட்டேன். இன்னும் ஆறல. இப்பவும் சிரிக்கத்தான் பாக்கறேன், வர மாட்டேங்குது."

சொல்லிவிட்டு ஜுமாகுலின் ஒரு விரலைப் பிடித்துத் தன் தாடைத் தடிப்பின் மேல் வைத்தாள். "மெதுவா."

ஆட்டைப் பிடிக்கிற அந்த விரல், குழந்தையின் உச்சந்தலையைத் தொடுவது போலக் காதிலிருந்து மோவாய் வரை போனது. சுருக்கத்தில் கொஞ்சம் நின்றது. ஓராஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"மரத்திருக்கு. நீங்க தொடறது ஏதோ தூரத்துல தொடற மாதிரி இருக்கு."

ஜுமாகுல் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? புது முகமாம்! இவ்வளவு நேரம் வெறுங்கையோட உக்காந்து பாத்துட்டிருக்கோம், வெக்கமா இல்ல?" கொழுப்புக் கையாலேயே தன் வெள்ளிக் காப்பைக் கழற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. கம்ஷாத்தின் கையில் மாட்டினாள். "இந்தா, பார்வைச் சீர். இப்ப சொல்லு, எந்த இடம் ஆகாது?"

"ரெண்டு கன்னம், தாடை, காதோரம்."

"அப்ப நெத்தியும் மூக்கும் என்னோடது!"

பூசினாள் பாருங்கள், புருவம் வரை! கம்ஷாத்தின் வாய் அசையவில்லை. ஆனால் கண்ணிரண்டும் இடுங்கி, தோள் குலுங்கியது. பிறகு அவளும் இரண்டு கையையும் தட்டில் முக்கி எடுத்தாள். ஜுமாகுலுக்கு விதிவிலக்கு எதுவும் இல்லையே, நெற்றியில் இருந்து கழுத்துவரை வாங்கிக்கொண்டாள். ஐஸாதா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

சமையலறையில் கைகழுவும்போது ஜுமாகுல் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்றால் அடுத்த அறைவரைக்கும் கேட்கும்.

"சம்பந்தி, என் கண்ணுக்குக் கீழ பை தொங்குதே, இதையும் தூக்குவாங்களா?"

"முதல்ல என் தடிப்பு இளகட்டும். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அதிலிருந்து ஜுமாகுல் எப்போது வந்தாலும் நலம் விசாரிக்கும் முன் ஒரு விரலால் கம்ஷாத்தின் தாடையைத் தடவிப் பார்ப்பாள். கோடை போகப் போகக் கயிறு நூலானது. கறை மறைந்தது. ஒருநாள் ஓராஸோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போனவளிடம், "என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்று ஒரு பயணி கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முழுசாக வந்தது.

கல்யாணத்தன்று அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் ஜுமாகுலின் விரல் வந்துவிட்டது.

"கயிறு போயிடுச்சே! இது?" காதுக்குக் கீழே நின்றது விரல்.

"அந்தச் சுருக்கம் மட்டும் கொஞ்சம் இருக்கு. டாக்டர் இனி அழுத்தலாம்னுட்டாரு, இதுக்கு மட்டும் இன்னும் பொறுத்துப் பாக்கச் சொல்றாரு."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் தொட்டுப் பாக்க ஒண்ணு வேணாமா?" என்றாள் ஜுமாகுல். பிறகு அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டாள். கம்ஷாத் விலகவில்லை.