இடது கையில் ஒரு கொக்கி

தோள் டாக்டருக்கே தோள் போய்விட்டது. மைத்துனனோடு பூப்பந்து ஆடும்போது பாய்ந்து விழுந்ததில், வலது தோள்குழியின் விளிம்பில் வாஷர் போல ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு கிழிந்துவிட்டது. சின்னத் துளை வழியே கேமராவை விட்டு அதைத் தைக்க, அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அவரை விட்டால் ஒரே ஒருவர்தான். கூடப் படித்த நண்பர். கல்லூரியில் அவருக்குப் பெயர் ஆமை.

“அவன் தைச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயராயிடுவேன்,” என்றார் டாக்டர்.

“கிழிச்சதுதான் வேகமா கிழிச்சுட்டீங்க. தைக்கறதாவது மெதுவா நடக்கட்டும்,” என்றாள் மனைவி.

இந்தக் கை இனிமேல் கத்தி பிடிக்குமா என்ற பயத்தை அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை. தூங்க வைக்க வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், திரையில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தார்.

பார்த்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னும் கீழ போடா, ஆமை! அங்க இல்ல!”

“வால், இன்னிக்கு நீ பேஷண்ட். சும்மா கிட.” வால் என்பது டாக்டரின் கல்லூரிப் பெயர்.

திரையில் கிழிசல் நார்நாராக மிதந்தது. ஆமை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுக்கமாட்டாமல் டாக்டர் போர்வைக்கு அடியிலிருந்து இடது கையை நீட்டினார்.

“கொக்கி!”

பல வருடப் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டால் நர்ஸின் கை தானாக நீளும். நீண்டது. நுனி வளைந்த அந்த எஃகுக் கொக்கி நோயாளியின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

“ஐயோ சார்!” என்று நர்ஸ் தலையில் கைவைக்கப் போய், கையுறை ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினாள்.

கழுவாத கை தொட்ட கருவி இனி தோளுக்குள் போகாது.

“வேற எடுங்கம்மா,” என்றார் ஆமை, குரலை உயர்த்தாமல். “அது அவன்கிட்டயே இருக்கட்டும். புடுங்கினா அழுவான்.”

டாக்டர் கொக்கியைப் பிடித்தபடியே திரையைப் பார்த்தார். புதுக் கொக்கியால் ஆமை விளிம்பை நெம்பி, பின்பக்கம் வரை தடவிப் பார்த்தார். அங்கே இன்னொரு கிழிசல். நானாக இருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன் என்று டாக்டருக்குத் தெரிந்தது.

கடைசி முடிச்சில் ஆமை கேட்டார். “போதுமா, வால்?”

“நீ பாத்தா சரிதான்டா.”

மறுநாள் மரமரப்பு இறங்கியது. கட்டுக்குள் கிடந்த வலது கையின் விரல்களை மெல்ல விரித்து, “கொக்கி,” என்றார். ஆபரேஷன் கதையை ஏற்கெனவே கேட்டிருந்த மனைவி கரண்டியை அதில் வைத்தாள். விரல்கள் மூடின. கரண்டி விழவில்லை.

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆமையண்ணாவுக்கு போன் போட்டுச் சொல்லுங்க.”

“போடறேன். அவன் எடுக்கறதுக்குள்ள தையலே பிரிச்சுடுவாங்க.”