பரிவட்டத்தைத் தேடிய கை

மாசாய்ப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா என்றால் முதல் பரிவட்டம் திருச்செல்வத்தின் குடும்பத்துக்குத்தான். கேட்டு வாங்கிய மரியாதை இல்லை அது. எஸ்டேட் காலத்தில் ரப்பர் மரத்தடியில் முதல் சூலத்தை நட்டவர் அவருடைய தாத்தா. பிறகு எஸ்டேட்டை விற்றார்கள், தாமான் என்று வீட்டுக் குடியிருப்புகள் எழும்பின, கோயிலும் இடம் மாறியது. சூலம் போன இடத்துக்கு மரியாதையும் கூடவே போனது.

அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பூசாரி தலையில் கட்டிவிட்ட பட்டுத்துணியை வீட்டுச் சாமியறையில் விளக்கேற்றிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை அதன்மேல் வேறொன்றும் படக்கூடாது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்ளலாம், துண்டு போடக்கூடாது. அவருடைய அப்பா கோயிலிலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவார். திருச்செல்வத்துக்கு மூட்டுவலி. கொஞ்ச வருடங்களாகக் கூடை வைத்த பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மகன் கூப்பிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"பரிவட்டம் கட்டினவன் கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா போவான்? நாலு ஜனம் பாக்கணும்டா."

அந்த வருடம் திருவிழாவன்று காலை மருமகள் ரூபினி ஒரு நீல ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மோட்டார் கூடையில் வைத்தாள். தினமும் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் அவள். வழியில் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமனாரிடம் வாய் கொடுப்பாள்.

"இது அத்தைக்கு, மாமா. உங்க தலைல பரிவட்டம் இருக்கும், சரி. அத்தை தலைல பூ மட்டும்தானே?"

"என் தலை, என் இஷ்டம். இதப் போடு அதப் போடுன்னு சர்க்காரு எனக்குச் சொல்ல வேணாம்."

"நான் அத்தை தலையப் பத்தித்தான் கேட்டேன் மாமா."

அவர் காதில் விழாதது போல மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். அவர் மனைவி புஷ்பவள்ளி, புதுப்புடவை கசங்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள். ஹெல்மெட் கூடையிலேயே கிடந்தது.

பூசை நிறைவாக முடிந்தது. கோயில் தலைவர் மணியம் ஒலிபெருக்கியில் தாத்தாவின் பேரைச் சொல்லி, அப்பாவின் பேரைச் சொல்லி, பிறகு அவரை அழைத்தார். பூசாரி சிவப்புப் பட்டைச் சுற்றிக் கட்டினார். தேங்காய், பழம், வெற்றிலையோடு காளாஞ்சித் தட்டைப் புஷ்பவள்ளி வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது திருச்செல்வம் முதுகை நிமிர்த்தி, மோட்டாரை மெல்லத்தான் ஓட்டினார். எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள்.

பெரிய சாலையில் ஏறியதும் ரோட் பிளாக். ஓர் இளம் போலீஸ்காரன் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னான். சட்டையில் அஸ்ரி என்று பேர் குத்தியிருந்தது.

"அங்கிள், ஹெல்மெட் எங்கே?" என்று மலாயில் கேட்டான்.

"சிங்குங்க தலைப்பாகையோட போறாங்க, அவங்கள நிறுத்துறியா?" திருச்செல்வமும் மலாயிலேயே திருப்பிக் கேட்டார். "இது எங்க சாமி கட்டினது. இத எடுக்க முடியாது. இதுக்கு மேல எதையும் வைக்கவும் முடியாது. சம்மன் குடுக்கணும்னா குடு, வாங்கிக்கிறேன்."

அஸ்ரி பட்டுத்துணியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் லாரி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த தன் மேலதிகாரியான சார்ஜனைத் திரும்பிப் பார்த்தான்.

"சட்டத்துல சிங்குக்குத்தான் இடம், அங்கிள். இதுக்கு இல்ல." குரலைத் தாழ்த்தினான். "வீடு எங்கே?"

"அந்தத் தாமான்தான். ரெண்டு முக்குத் தள்ளி."

"சரி, மெதுவா போங்க. ஆனா ஆண்டிக்குச் சாமி எதுவும் கட்டலையே? ஆண்டி போட்டுக்கத்தான் வேணும்."

கூடையிலிருந்த ஹெல்மெட்டை அவனே எடுத்தான். இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு அவள் தடுமாறுவதைப் பார்த்து, தட்டைத் தான் வாங்கிக்கொண்டான். தேங்காய் உருளாமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றான். அவள் மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். வார் சரியாகப் பூட்டியதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"தேங்க்யூ, தம்பி," என்றாள் புஷ்பவள்ளி. அவளுக்குச் சிரிப்பு வந்திருந்தது.

திருச்செல்வத்துக்கு வரவில்லை. கோயில் கூட்டம் முழுக்க அந்த வழியாகத்தான் கலைந்து போய்க்கொண்டிருந்தது. காரில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள், யாரோ கைப்பேசியைக்கூடத் தூக்கிப் பிடித்தார்கள். பரிவட்டம் கட்டிய தன்னை நடுரோட்டில் நிறுத்தி வைத்து, தன் பெண்டாட்டியை ஒரு பொடியன் ஹெல்மெட் மாட்ட வைத்தான் என்பதுதான் அவருக்கு உறுத்தியது. பெட்ரோல் நிலையம் தாண்டி, ரோட் பிளாக் கண்ணுக்கு மறைந்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"கழட்டு."

"இருக்கட்டுங்க. வீடுதான் வந்துருச்சே."

"கழட்டுன்னா கழட்டு. முன்னால பரிவட்டம், பின்னால சட்டியக் கவுத்த மாதிரி நீ. பாக்குறவன் சிரிக்க மாட்டான்?"

அவள் பூட்டைத் தளர்த்தினாள். கழற்றி, வாரை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

தாமானுக்குள் திரும்பும் முக்கில், ஏதோ லாரியிலிருந்து கொட்டிய மணல் சிதறிக் கிடந்தது. வேகமே இல்லை. முன்சக்கரம் வழுக்கியது, அவ்வளவுதான். திருச்செல்வம் புல்லில் போய் விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது அவருடைய கை முதலில் தலைக்குத்தான் போனது. பட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. இருந்தது, ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். சாக்கடை ஓரத்துச் சிமெண்டு விளிம்பில் தலை வைத்து, தூங்குகிறவள் போல ஒருக்களித்துக் கிடந்தாள் புஷ்பவள்ளி. தேங்காய் சாலையில் ஓடிப்போய் நின்றது. ஹெல்மெட் இன்னும் அவள் முழங்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடது காதுக்குப் பின்னால் எலும்பில் விரிசல், தையல் போட்டிருக்கிறது, அந்தக் காது இனிக் கேட்பது சந்தேகம்தான் என்றார்கள். ஹெல்மெட் இருந்தும் ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டபோது திருச்செல்வம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். புஷ்பவள்ளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் கழட்டினேன் டாக்டர். தலை கனமா இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மருமகளும் நின்றிருந்தாள். மருமகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

மறுநாள் மணியம் ஆப்பிள் பையோடு வந்தார். உட்காரக்கூட இல்லை, கைப்பேசியை நீட்டினார். படத்தில் அஸ்ரி காளாஞ்சித் தட்டை மார்போடு பிடித்தபடி நின்றான். பக்கத்தில் முகம் இறுகி, பரிவட்டத்தோடு திருச்செல்வம்.

"பாத்தீங்களாண்ணே? அம்மனுக்குப் படைச்ச தட்டைப் பிடுங்கியிருக்கான். ஊரெல்லாம் இந்தப் படந்தான் ஓடுது. இந்தப் பதட்டத்துலதானே நீங்க விழுந்தீங்க?"

திருச்செல்வம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்," என்றார்.

அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது மணியத்துக்கு. "விடக்கூடாதுண்ணே. சிங்குக்குச் சட்டத்துல இடம் இருக்கு. வெள்ளிக்கிழமை சொங்கோக் தொப்பி போட்டுக்கிட்டுத் தொழப் போறவங்களையும் யாரும் பெருசா நிறுத்துறதில்ல. நம்ம பரிவட்டம்னா மட்டும் இளப்பமா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் போலீஸ் பாலாய்க்குப் போறோம், ரிப்போர்ட் குடுக்குறோம். அந்தப் பையன் சட்டையக் கழட்ட வைக்கிறோம். நீங்கதான் முன்னால நிக்கணும். உங்க குடும்பத்து மரியாதைண்ணே இது."

மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததும் தலை தானாக ஆடியது. ஆடிய பிறகு அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை ரூபினி வீட்டு வாசலில் அந்த நீல ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாடிப்போன ஒரு மல்லிகை உள்ளே ஒட்டியிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் போலீஸ்காரன் தட்டைப் பிடுங்கினானா?"

"கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"கூட்டத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அத்தைக்குத் தலை கனமா இருந்துச்சாம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அத்தை எதுவும் கனமா இருக்குன்னு சொல்லிக் கேட்டதில்ல மாமா."

அவர் உள்ளே போனார். சாமியறையில் மடித்து வைத்த பட்டு இருந்தது. அதன் முன்னால் நிற்கவும் கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரூபினியின் மோட்டாரில்தான் அவர் போனார். ஏறும்போது அவள் ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள். அவரும் வாங்கி மாட்டிக்கொண்டார். வார் பூட்டத் தெரியவில்லை, அவள்தான் பூட்டிவிட்டாள்.

போலீஸ் நிலைய வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. சிலர் கோயில் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மணியம் ஓடி வந்தார். அவர் கையில் புதுச் சிவப்புப் பட்டு.

"அலமாக், என்னண்ணே ஹெல்மெட்டோட வந்து நிக்குறீங்க? வீடியோ எடுக்குறாங்க. அதக் கழட்டுங்க, இதக் கட்டிவிடுறேன். அப்பத்தான் எடுப்பா இருக்கும்."

"கட்டறதுன்னா அம்மன் முன்னால பூசாரி கட்டணும். பாலாய் வாசல்லயா கட்டுவீங்க?"

"சும்மா வீடியோவுக்குத்தாண்ணே."

திருச்செல்வம் தலையைக் குனியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுந்தலையோடு உள்ளே நடந்தார். கூட்டம் பின்னால் வந்தது.

சார்ஜன் மேசைக்குப் பக்கத்தில் அஸ்ரி நின்றிருந்தான். கண்கள் சரியாகத் தூங்காதவன் கண்கள். அவரைப் பார்த்ததும், யாரும் பேசச் சொல்லாமலே, "அங்கிள், ஆண்டிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி நெஞ்சில் போய்க் குத்தியது. படம் வந்த நாள் முதல் ஊரில் அத்தனை பேர் பேசினார்கள். பரிவட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், தட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

சார்ஜன் படத்தைக் காட்டி, "இவர் உங்க தட்டைப் பிடுங்கினாரா?" என்றார்.

"சொல்லுங்கண்ணே," என்றார் மணியம்.

"பிடுங்கல," என்றார் திருச்செல்வம் மலாயில். "என் பெண்டாட்டி ஹெல்மெட் போட்டுக்கணும்னு வாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. வாரைச் சரி பாத்துட்டுத்தான் அனுப்பினாரு. பெட்ரோல் நிலையம் தாண்டினதும் கழட்டச் சொன்னது நான். அவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கல."

பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. மணியம் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, என்ன பேசுறீங்க? டாக்டர்கிட்ட அக்காவே சொல்லிட்டாங்களே, அவங்கதான் கழட்டினாங்கன்னு!"

"எனக்காகப் பொய் சொன்னா." இதைத் தமிழில், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "என் தலை என் இஷ்டம்னு வீட்டுல சட்டம் பேசினேன். அவ தலைக்கும் நான்தான் இஷ்டப்பட்டேன். சர்க்காரு என் தலைல கை வைக்கக்கூடாதுன்னேன், நான் அவ தலைல கை வச்சேன். பரிவட்டத்துக்குச் சட்டத்துல இடம் கேக்கணும்னா நீங்க போய்க் கேளுங்க. இந்தப் பையன் பேர்ல கேக்காதீங்க."

படம் எடுத்துக்கொண்டிருந்த கை தாழ்ந்தது. கோயில் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். மணியம் பட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்கு முன்னால எங்களத் தலைகுனிய வச்சிட்டீங்க. அடுத்த வருஷம் முதல் பரிவட்டம் யாருக்குன்னு கமிட்டி பேசிக்கும்," என்றார். அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

தாத்தா நட்ட சூலம், அப்பா நடந்த நடை, எல்லாம் அந்த ஒரு பேச்சோடு போயிற்று. போகட்டும் என்று அவரால் நினைக்க முடியவில்லை, வலித்தது. ஆனால் அதைப் பறித்தது மணியம் இல்லை, தானே விட்டுக்கொடுத்தது என்பதும் தெரிந்திருந்தது. அஸ்ரி வாசல்வரை கூட வந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி, கடைசியில், "ஆண்டி நல்லா இருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது புஷ்பவள்ளி பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையில் இன்னும் கட்டு. சேதி அவளுக்கு முன்னமே கைப்பேசியில் வந்துவிட்டிருந்தது.

"என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டு வந்துட்டீங்க," என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை.

"புஷ்பம், விழுந்தப்ப நான் மொதல்ல உன்னைப் பாக்கல. கை என் தலைக்குத்தான் போச்சு. துணி இருக்கான்னு தடவிப் பாத்தேன். அப்புறந்தான் நீ."

அவள் கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மன்னித்துவிட்டாள் என்று ஒரு நொடி அவருக்கு உடம்பெல்லாம் லேசானது.

பிறகுதான் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பார்த்தார். கட்டுப் போட்ட இடது காது அவர் பக்கம் இருந்தது.

இப்படியே விட்டுவிடலாம். சொல்லியாயிற்று என்று தனக்குத் தானே வைத்துக்கொள்ளலாம். அப்படித் தோன்றியதே அவருக்குக் கூசியது. மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கீரைக் குப்பையை மிதிக்காமல் அவளைச் சுற்றி வந்து, வலது பக்கம் குந்தி உட்கார்ந்தார்.

"என்னங்க?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.