இருநூற்றுப் பதினெட்டாம் எண் கடைக்குக் கீழே

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள் கோரின். பதினான்கு கடிதங்கள் வந்திருந்தன. பதின்மூன்று வழக்கமானவை. ஹார்கிரேவ் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, தூசி தாங்கவில்லை, சக்கர நாற்காலியில் வரும் அம்மாவை மருந்துக்கடைக்கு எந்த வழியாகக் கூட்டிப் போவது, இந்தத் தெருவை இந்த ஜென்மத்தில் முடிப்பீர்களா.

ஏப்ரலிலிருந்து அவள் வேலை இதுதான். நூறு வருடப் பழைய குழாய்களை மாற்ற நகர மன்றம் ஊரின் நடுத்தெருவை முழுவதுமாகத் தோண்டிப் போட்டிருந்தது. எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, எந்தக் கடைக்கு எந்த வழி, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மடல் எழுதி ஊருக்கே அனுப்புவாள். கீழே அவள் பெயர் இருக்கும். பொறியாளர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. கோபப்பட வேண்டுமென்றால் கோரின்மேல்தான் படவேண்டும்.

மடலில் கெட்ட செய்தியே அதிகம் என்பதால் போன வாரம் ஒரு பழைய புகைப்படத்தையும் சேர்த்திருந்தாள். எண்பது வருடத்துக்கு முந்தைய ஹார்கிரேவ் தெரு, குதிரை பூட்டிய பால் வண்டியுடன். பதினான்காவது கடிதம் அந்தப் படத்தைப் பற்றியது. எண்பத்தாறு வயது வெர்னன் டைட் எழுதியிருந்தார்.

"படத்துக்கு நன்றி. இடது ஓரத்தில், 218க்கு முன்னால், நடைபாதையில் வட்டமாக ஓர் இரும்பு மூடி தெரிகிறதா? அதைத் திறந்துதான் நானும் என் அண்ணனும் நிலக்கரி கொட்டுவோம். நடைபாதைக்கு அடியில் ஒரு பெரிய அறை உண்டு. ஒரு லாரியே நிற்கலாம். இன்னும் இருக்கிறதா?"

கோரின் இரண்டு தடவை படித்தாள்.

ஏப்ரலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு கடைகளுக்கும் அவள் ஏறி இறங்கியிருந்தாள். தாளில் ஒரே கேள்வி: உங்கள் கடையின் நிலவறை நடைபாதைக்குக் கீழே நீள்கிறதா? அதற்குக் கீழே குறி போட ஒரு கட்டம்: நேரில் பார்க்கப்பட்டது. ஆறு கடைகளில் அப்படி அறைகள் இருந்தன. மேலே பாரம் ஏறினால் இடிந்துவிடும் என்று ஆறையும் கோடையிலேயே கான்கிரீட் ஊற்றி நிரப்பிவிட்டார்கள்.

218 ஐரீன் பவ்லிச்சுக்கின் கடை. உள்ளே உருளைக்கிழங்கு வைத்த பெரோகி என்னும் கொழுக்கட்டை அங்கே விற்கும். அன்று பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ஐரீன் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். இந்த ஊரில் சேற்று பூட்ஸோடு ஒருவர் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நடப்பதைவிட மோசமான மரியாதைக்கேடு கிடையாது. அதுவரை பதினோரு கடைகளில் இரும்பு முனை வைத்த வேலை பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, கழற்றி, திரும்பக் கட்டி, கோரினின் விரல்கள் விறைத்திருந்தன. "கீழ ஒண்ணுமில்ல கண்ணு, பழைய கொதிகலன் மட்டும்தான். நீ அங்கேயே மிதியடிமேல நில்லு, சூடா கொஞ்சம் சாப்பிடு" என்று ஐரீன் ஒரு தட்டை நீட்டினாள். வதக்கிய வெங்காயமும் புளிப்புப் பாலேடும் போட்ட பெரோகிகள். கோரின் மிதியடிமேல் நின்றபடியே சாப்பிட்டாள். நின்றபடியே அந்தக் கட்டத்திலும் குறி போட்டாள்.

இந்த வார மடலில் அவளே எழுதியிருந்தது: வியாழன், கிழக்கு நடைபாதை, 210 முதல் 230 வரை, ஜல்லி போட்டு ரோலர் ஓட்டப்படும். வெள்ளி, கான்கிரீட். அதற்குப் பிறகு உறைபனி வந்துவிடும். மே மாதம்வரை எதுவும் ஊற்ற முடியாது.

டார்சியை அழைத்தாள். தெருவில் வேலையை மேற்பார்க்கும் டார்சி மக்இன்னிஸ், காதடைப்பான் போட்டுக்கொண்டால் இடி விழுந்தாலும் காதில் வாங்கமாட்டான். மணி அடித்து அடித்து நின்றது.

அலுவலகத்தை அழைக்கலாம். ஒரு வாக்கியம் போதும், ஐந்து நிமிடத்தில் ரோலர் நின்றுவிடும். ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். பார்த்ததாகக் குறி போட்டிருக்கிறாயே? பெரியவருக்கு எண் தவறியிருக்கலாம் என்று நினைத்தாள். அந்த அறையை எப்போதோ மூடியிருக்கலாம். முதலில் போய்ப் பார்ப்போம், பிறகு சொல்வோம். கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பேருந்து ஹார்கிரேவ் தெருப் பக்கம் திரும்பாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த மாற்றுப் பாதையை மடலில் அறிவித்தவளும் அவள்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறி, பையில் சில்லறை தேடினார்கள்.

இறங்கி ஓடியபோது மணி ஏழு இருபத்தெட்டு. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ரோலர் 210க்கு முன்னால் ஜல்லிமேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஆறு டன். அதன் அதிர்வு கணுக்காலில் ஏறியது. நரைத்த தாடியுடன் ஓட்டுநர் அவளைப் பார்த்துக் கை தூக்கினார். அவளும் தூக்கினாள். அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். 218 இன்னும் நான்கு கடை தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, பலகைப் பாலத்தைக் கடந்து ஐரீனின் கடைக்குள் நுழைந்தாள்.

ஐரீன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது, முழங்கைவரை மாவு.

"வாம்மா, சேதி சொல்ற பொண்ணே! இன்னிக்கு என்ன கெட்ட சேதி? கடைக்கு வர்றவங்க இனிமே ஹெலிகாப்டர்ல வரணுமா?"

"ஐரீன், உங்க நிலவறையைப் பார்க்கணும்."

மாவு பிசைந்த கை ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"அதான் பார்த்தாச்சே ஏப்ரல்ல."

"பார்க்கல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"குறி போட்டது யாரு? நானா? நான் பேனாவையே தொடல."

"நடைபாதைக்குக் கீழ அறை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஐரீன் மாவைப் புரட்டிப் போட்டாள். சுவரோர அலமாரியில் ஊறுகாய்ச் சீசாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது.

"என்ன அது?" என்றாள் ஐரீன்.

"ரோலர். இந்தப் பக்கமாத்தான் வருது. ஆறு டன்."

"என்கிட்ட யாரும் சொல்லலியே!"

"மடல்ல எழுதியிருந்தேனே!"

"உன் மடலை யாரு படிக்கிறா? பேரைப் பார்த்ததும் அழிச்சிடுவேன்." ஐரீனின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. "ஓரெஸ்ட் கீழ இருக்கான்."

ஓரெஸ்ட் அவள் தம்பி. புளிக்கப் போட்ட முட்டைக்கோஸ் ஜாடிகளில் கல்லை எடுத்து, நுரையை வழித்து, மறுபடி கல் வைப்பது அவன் வியாழக்கிழமை வேலை.

"எங்க கீழ?"

"அந்த அறையிலதான். வேற எங்க?"

கோரின் வெளியே ஓடினாள். ரோலர் 216ஐத் தொட்டிருந்தது. பாதுகாப்பு வேலியை இடுப்பால் தள்ளிக்கொண்டு ஜல்லிமேல் போய், இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்து அதன் எதிரில் நின்றாள். ஓட்டுநர் திகைத்து வண்டியை நிறுத்தினார். அதிர்வு நிற்கவில்லை. "அணைங்க! முழுசா அணைங்க!" என்று கத்தினாள். அவர் அணைத்தார். தெருவே காது அடைத்ததுபோல் ஆனது.

டார்சி எங்கிருந்தோ பெரிய அடிகள் வைத்து வந்தான்.

"என்ன மகாராணி, வியாழன்னு நீயே ஊருக்கெல்லாம் எழுதிட்டு, நீயே குறுக்க வந்து நிக்கிறே? நாளைக்கு ஒன்பது மணிக்கு கான்கிரீட் லாரி வருது, தெரியுமில்ல?"

"218க்குக் கீழ அறை இருக்கு, டார்சி. உள்ள ஆள் இருக்காரு."

"இல்லையே. தாள் என் வண்டியில இருக்கு. பார்த்ததா நீ குறி போட்டிருக்கே."

"போட்டேன். பார்க்கல."

ரோலர்மேல் இருந்தவர் இரும்புச் சக்கரத்தையும் அதற்கு முன்னால் கிடந்த ஜல்லியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏணிப்படியில் காலை வைத்து மெதுவாக இறங்கி, வண்டியைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அவர்கள் கடைக்குள் போனபோது ஓரெஸ்ட் மேலே வந்திருந்தான். தொப்பியிலும் தோளிலும் செங்கல் தூள். "மேல என்ன, கல்யாண நடனமா ஆடறீங்க? ஜாடி பூராவும் மண்ணு கொட்டிடுச்சு" என்றான். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

டார்சி சேற்று பூட்ஸோடு உள்ளே நடந்தான். ஐரீன் அதைப் பார்த்து வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

கொதிகலனுக்குப் பின்னால் ஒரு அலமாரி. அதை நகர்த்தினால் ஒரு கதவு. கதவுக்கு அப்பால் டைட் சொன்ன அறை. டார்சி வாசலைத் தாண்டவில்லை. அங்கிருந்தே விளக்கை அடித்தான். ஜாடிகள், பீட்ரூட் மூட்டைகள், நூற்றுக்கணக்கான சீசாக்கள். மேலே செங்கல் வளைவுகள், அவற்றைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள். துரு ஏறி அவை அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தன. தெருப்பக்கத்து வளைவில் ஒரு விரிசல், உள்ளே செங்கல் புதுச் சிவப்பாகத் தெரிந்தது. அதிலிருந்து நூல்போல மணல் இறங்கிக்கொண்டிருந்தது.

"நூறு வருஷமா நிக்குது" என்றாள் பின்னாலிருந்து ஐரீன்.

"நூறு வருஷமா மேல நடந்தது ஆளுங்க, ஐரீன்" என்றான் டார்சி. குரலை உயர்த்தவில்லை. கதவைச் சாத்தினான்.

மேலே வந்ததும் ஐரீன் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். "நிரப்பிடுவீங்க. இதையும் நிரப்பிடுவீங்க. அது இல்லாம நான் எங்க வைப்பேன் எல்லாத்தையும்? அதனாலதான் சொல்லல." கோரினைப் பார்த்தாள். "நான் பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா பொய்யா இல்லையான்னு பார்க்கறதுக்குத்தானே உன்னை அனுப்பினாங்க? நீ எப்படி நம்பலாம்?"

கோரின் கதவுப் பக்கம் திரும்பினாள். ஓரெஸ்ட் தொப்பியைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்தபோது டார்சி ஒப்பந்தக்காரரோடு பேசி முடித்திருந்தான். நாளைக்கு லாரி வராது. அப்படியென்றால் இந்தத் தெரு மே மாதம்வரை ஜல்லியும் வேலியும்தான். கிறிஸ்துமஸ் வியாபாரம் பலகைப் பாலத்தின்மேல்தான். எழுதப்போகும் மடலைப் பற்றி கோரின் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அப்போது டார்சி கேட்டான்.

"மத்த நாப்பது?"

"பார்த்தேன்."

"எல்லாத்தையுமா?"

உடனே ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முடிதிருத்தும் கடையின் படிகள் ஞாபகம் இருந்தன. மூன்றாவது படி உடைந்திருந்தது. மருந்துக்கடையின் குளிர்பெட்டிகள், பயண முகவரின் நிலவறையில் குவிந்து கிடந்த பழைய நாட்காட்டிகள். ஐரீனின் கடைக்குப் பிறகு அன்று இன்னும் எட்டு கடைகள் இருந்தன. மணி நாலரை, விரல்கள் விறைப்பு, வயிற்றில் சூடான பெரோகி. எட்டில் சிலவற்றின் மிதியடிகள் மட்டுமே மனதில் வந்தன.

"கோரின்."

"மூணு... இல்ல, நாலு. கீழ போனேனான்னு உறுதியாத் தெரியல."

டார்சி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவினான். "எந்த நாலு?"

"212."

அவன் திரும்பிப் பார்த்தான். 212க்கு முன்னால் ஜல்லி இறுகிச் சமமாக, மேசைபோல் கிடந்தது. ரோலர் அங்கே வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தது. அதன்மேல் இரண்டு வேலையாட்கள் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய்! அங்கேருந்து வாங்கடா! ரோட்டுப் பக்கம் வாங்க! ஓடாதீங்க, நடந்து வாங்க!" என்று கத்தினான் டார்சி.

212 மூக்குக்கண்ணாடிக் கடை. இன்னும் திறக்கவில்லை, ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது. கோரின் பின்சந்து வழியாகப் போய்க் கதவைத் தட்டினாள். கடைக்காரி மார்னி துடைப்பத்தோடு வந்து திறந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க. உங்க ஆளுங்ககிட்ட கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க. கீழ என்னமோ சரிஞ்சு விழுந்த மாதிரி சத்தம். போய்ப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"போகாதீங்க."

"அட்டைப்பெட்டி ஏதாவது விழுந்திருக்கும்..."

"மார்னி, துடைப்பத்தை அப்படியே போடுங்க. வெளிய வாங்க. உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. எதுக்கு இப்படிப் பயமுறுத்தறீங்க?" என்று கேட்டாலும் அவள் வெளியே வந்துவிட்டாள். சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு குளிரில் நின்றாள். திறந்த கதவு வழியாக ஈரமான பழைய சுண்ணாம்புக் காரை வாசனை சந்துக்குள் வந்தது.

கோரின் அலுவலகத்தை அழைத்தாள். முதல் மணியிலேயே தலைமைப் பொறியாளர் எடுத்தார். டார்சி ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஏப்ரல் தாள்ல நான் போட்ட குறியில சிலது பொய்" என்றாள். "கீழ இறங்கிப் பார்க்காமலே போட்டேன். 218ல அறை இருக்கு, விரிசல் விட்டிருக்கு. ஆளை வெளிய கொண்டு வந்தாச்சு. 212ல ஏதோ விழுந்திருக்கு, இங்கேயும் வெளிய வந்தாச்சு. தெரு முழுக்க வேலையை நிறுத்துங்க. கிழக்கு நடைபாதையில யாரையும் நடக்க விடாதீங்க."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம். "எண்களைச் சொல்லு. ஒவ்வொண்ணா."

"218. 212. 224. அப்புறம்..."

"அப்புறம்?"

கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மிதியடி தெரிந்தது, பச்சை, ஓரம் பிய்ந்தது. அதற்கு அப்பால் ஒரு கடையும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். சந்தின் முனையில், ஹார்கிரேவ் தெருவின் கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மணி எட்டாகப்போகிறது, ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"கோரின், அடுத்தது எது?"

"தெரியல" என்றாள். நடக்கத் தொடங்கியவள் ஓட ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லுங்க. நாப்பத்தொண்ணையும்."