மார்த்தா ஊதிய மூச்சு

இடி இடித்தால் கோயில் மணியை அடிக்க வேண்டும், சத்தத்துக்குப் பயந்து மின்னல் விலகிப் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறிலும், கடல் கடந்து கெலுகோர் தென்னந்தோப்புக்குப் பிழைக்க வந்த கிறிஸ்தவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. பங்குச்சாமியார் எத்தனையோ முறை வேண்டாம் என்றார். மணியடிக்கும் வேதநாயகம் கேட்டால்தானே! போதாக்குறைக்கு, கயிறு இற்றுப்போயிற்று என்று இரும்புச் சங்கிலி வேறு மாட்டி வைத்திருந்தான் அந்த மகராசன்.

ஒரு ஞாயிறு பிற்பகல், செபமாலை நடுவில் வானம் கறுத்துக் கொட்டியது. வேதநாயகம் எழுந்தான்.

"சும்மா இருங்கலா!" என்று பெண்கள் பக்கமிருந்து எட்டி அவன் மனைவி மார்த்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு ஓடினான். நாலு தரம் அடித்திருப்பான், மணிக்கூண்டில் இடி விழுந்து கோயிலே குலுங்கியது. எல்லாரும் ஓடிப் பார்த்தபோது சங்கிலிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. மூச்சு இல்லை.

"தொடாதீங்க! மின்னல் இன்னும் உடம்புல இருக்கு!" என்று கத்தினான் வண்டிக்காரப் பக்கிரிசாமி. "கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சா இறங்கிடும்." இரண்டு பேர் மண்வெட்டி தேடிப் போயே விட்டார்கள்.

மார்த்தா யாரையும் கேட்கவில்லை. அவள் மருத்துவச்சி. அழாமல் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை வாயோடு வாய் வைத்து ஊதி மீட்டவள். பச்சைப் பிள்ளைக்குச் செய்தது வளர்ந்த ஆளுக்குப் பலிக்குமா? அவளுக்கே தெரியாது. கணவனைக் கோயிலுக்குள் இழுத்துப் போட்டு, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினாள்.

"ஐயையோ, பீடத்துக்கு முன்னாடியா! வெக்கமா இல்ல?" உபதேசியார் மனைவி ஆலிஸ் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினாள். மார்த்தாவும் கணவனும் அருகருகே உட்கார்ந்துகூட ஊரார் பார்த்ததில்லை. அவள் முகம் கூச்சத்தில் எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஊதினால் நெஞ்சு எழும்பியது, விட்டால் அடங்கியது.

"போயிட்டான், விடு தாயி," என்றான் பக்கிரிசாமி.

"வாய மூடுண்ணே! போய் வண்டியப் பூட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

எத்தனை முறை ஊதினாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். வேதநாயகம் ஒரு தரம் விக்கினான். இருமினான். பிறகு தானாகவே மூச்சை இழுத்தான். அதுவரை கல்லாக இருந்தவள் ஓவென்று அழுது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கண் திறந்தவன் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டான். "அடியே... எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும்லா!" மார்த்தா பிடியைத் தளர்த்தவில்லை. "நல்லாப் பாக்கட்டும். என் புருஷன் மூச்சு விடுறாரு!"