எண்பத்து நான்கு, நூற்றுப் பதினெட்டு, தொண்ணூற்றாறு

...ஒரே கை, ஒரே கடிகாரம், ஒவ்வொரு தடவையும் முழுசாக ஒரு நிமிடம், அப்படியிருந்தும் முதலில் எண்பத்து நான்கு, அப்புறம் நூற்றுப் பதினெட்டு, அப்புறம் தொண்ணூற்றாறு, அப்பாவின் நாடி எப்படி இவ்வளவு மாறும், நான்தான் எங்கோ எண்ண விட்டுவிட்டேன், மாலைக் கல்லூரியில் ஒரு கூட்டலை மூன்று தரம் போட்டு மூன்று விடை கொண்டுவருகிறவள்தானே, என்றுதான் காலை ஆறு மணிக்குத் தோன்றியது... இப்போது பதினொன்று, திருச்சி ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே ஸ்டூலில் இருக்கிறேன், டிரிப்ஸ் சொட்டுகிறது, தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு இரண்டு துடிப்பு நெருங்கி, ஒன்று தள்ளி, பிறகு மூன்று கும்பலாகத் தாவுகிறது. பைபாஸ் முடிந்து பதிமூன்று நாள், ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து ஐந்து நாள், தையல்கூடக் காய்ந்துவிட்டது, கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று இருந்தோமே... மருந்துக்கு அடங்காவிட்டால் சாயங்காலம் மயக்கம் கொடுத்து ஷாக் வைக்க வேண்டும், இப்படியே ஓடவிட்டால் இதயத்துக்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடலாம், டாக்டர் பானுமதி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன், எழுதினால் நடக்காது என்று நினைத்தேனா என்ன?

நேற்று ஏகாதசி. நேத்து மாத்திரை போட்டீங்களா என்று டாக்டர் கேட்டதும் அப்பா தெளிவாகச் சொன்னார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஃபிட்டர், எழுதியிருப்பதை எழுதியபடி செய்கிறவர், “சாப்பாட்டுக்குப் பின்னுன்னு போட்டிருக்குங்க, நேத்து சாப்பாடே இல்லையே.” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், “ஏங்க, நெஞ்சைப் பொளந்து ஒட்டுப்போட்டுட்டு வந்த மனுசன்கிட்டயா பெருமாள் பட்டினி கேட்டாரு?” துடிப்பை அடக்கி வைத்திருந்ததே அந்த மாத்திரைதானாம், இரண்டு வேளை விட்டதில் அவிழ்த்துக்கொண்டுவிட்டது. பிறகு டாக்டர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார், நான் முந்திக்கொண்டு, தப்பா எண்ணிட்டேன் மேடம் என்றேன், அவர் நிமிர்ந்து, “யாரு சொன்னா? மூணும் சரிம்மா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராததுதான் வியாதியே. நாளைக்கு வந்திருந்தா எனக்கு வேலை கஷ்டம்” என்றார்... மூணும் சரி, மூணும் சரி, வாழ்க்கையில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா, ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், உட்காரத் தெரியவில்லை, அப்போதுதான், இல்லை, என் கண்தான் ஏமாற்றுகிறதா, கோடு ஒரு கணம் படுத்தது, படுத்தே கிடந்தது, பிறகு ஒன்று, அதே இடைவெளியில் ஒன்று, அதே இடைவெளியில் இன்னொன்று, வரிசையாக, ஒழுங்காக, நர்ஸ் ஓடிவந்து பார்த்துச் சிரித்தாள், அம்மா ரெங்கா ரெங்கா என்று அழுதாள், ஷாக் வேண்டாம், வேண்டவே வேண்டாம்! அப்பா கண் திறந்து, “உள்ள சம்மட்டி அடிச்சுக்கிட்டிருந்தவன் ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டான் போலருக்கும்மா” என்றார்.

ஜெயித்துவிட்டோம், சென்னையிலிருக்கிற அண்ணன் பிரதீப்புக்குச் சொல்ல போனை எடுத்தேன், ஆறு மணிக்குப் பார்த்தேன்டா, ஏழே காலுக்கு ஆட்டோ பிடிச்சுட்டேன்டா... ஆறுக்கும் ஏழே காலுக்கும் நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், விரலுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டதே, இதே பிரதீப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால், திருப்பி எண்ணுடா என்று அவனிடம் கேட்டிருப்பேனா?