மாத்திரையை விட்டதாகச் சொன்னவன்

கண்ணாடிக் கடையில் எல்லாருக்கும் அவன் 'அரை டாக்டர்'. யாருக்கு இருமல் வந்தாலும், யாருக்கு முதுகு பிடித்தாலும் கேட்காமலே வைத்தியம் சொல்லிவிடுவான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். கடை அவனுக்கும் அக்கா புருஷனுக்கும் பொது. அத்தான் அளவெடுத்து அறுப்பார், இவன் சட்டம் அடிப்பான். பெரிய கண்ணாடி என்றால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள்.

இரண்டு பேருக்குமே ரத்தக் கொதிப்பு. ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்னது இவன் மனசுக்கு ஒப்பவே இல்லை. நிறுத்திப் பார்த்தான். உடம்பு ஜம்மென்று இருந்தது. உடனே கடையில் தம்பட்டம்.

"தூக்கிப் போட்டுட்டேன் அத்தான். கல்லு மாதிரி இருக்கேன் பாருங்க."

"நிஜமாவா மாப்ள?"

"பின்ன? பழக்கிட்டா உடம்பு அதுக்கே அடிமையாயிடும்."

அந்த ஜம்பம் கொஞ்ச நாள்தான். ஒரு காலை பல் தேய்க்கும்போது சுவர் சுற்றியது. பின்மண்டையில் விண்விண்ணென்று வலி. அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து ஒரு வேளை தப்பாமல் வீட்டில் போட்டுக்கொண்டான். கடையில் மட்டும் மூச்சு விடவில்லை. அடித்த சவடாலைத் திருப்பி எடுத்துக்கொள்ள வெட்கம்.

இடையில் அத்தான் ஒருதரம் கேட்கவும் செய்தார். "இன்னும் போடாமத்தான் இருக்கியா?"

"ஆமா அத்தான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஆணி அடித்தான்.

ஒரு சலூனுக்காக ஆளுயரக் கண்ணாடியை இருவரும் வாசல்வரை தூக்கி வந்தபோதுதான் அது நடந்தது. அத்தானின் இடது கை நழுவியது. கண்ணாடி விழுந்து சுக்குநூறானது. "என்ன அத்தான் இது!" என்று எரிச்சலோடு நிமிர்ந்தவன், அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவிடம் கேட்டார், "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"போட்டாரே சார். நான்தானே வாங்கிக் கொடுப்பேன். கடையில சாப்பிட்டதும் போட்டுக்கிறேன்னு எடுத்துட்டுப் போவாரே" என்று அழுதாள் அக்கா.

சாயங்காலம் சில்லுகளைக் கூட்டி அள்ள வந்தவன் அத்தானின் மேசை இழுப்பறையைத் திறந்தான். மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. யாரும் பார்க்கவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். கை முழுசாகத் திரும்பவில்லை, பேச்சும் குழறியது. தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் இவன் வந்து தன் கையாலேயே மாத்திரை கொடுத்தான். கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு கூசியது.

அக்கா குளிக்கப் போயிருந்த ஒருநாள் அத்தானிடம் போட்டு உடைத்துவிட்டான். "நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன் அத்தான். அப்ப நான் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அத்தான் ஒவ்வொரு சொல்லாக, "எனக்கும்... விடணும்னு ஆசை. நீ ஒரு சாக்கு, மாப்ள" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லாதே."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாள் அக்கா தண்ணீர் டம்ளரை நீட்டி, "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றபோது அவனால் தாங்க முடியவில்லை. சமையலறையிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒளித்து வைத்த அட்டைகளையும் விடவில்லை.

அக்கா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். அவன் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இனிமே மாத்திரையை நானே குடுத்துக்கிறேன். நீ கடையைப் பாரு."

அடுத்த நாளும் போனான். கதவைத் திறந்துவிட்டு, முகம் பார்க்காமல் அவள் உள்ளே போய்விட்டாள். மாத்திரை கொடுத்தாகிவிட்டது. செய்ய ஒன்றும் இல்லாமல் நடுக்கூடத்தில் நின்றான். அத்தான் கட்டிலில் மெல்ல நகர்ந்து, அவனுக்கு உட்கார இடம் விட்டார்.